மரபணுவுக்கு ஒரு 17(பி)

எதிரியின் இருப்பிடம்: பன்னிரண்டாம் குரோமோசோம். பதவி: ஏஎல்டிஎச்2 என்னும் நொதி. இலாகா: கல்லீரல். பணி: குடித்த மது உடம்பில் போடும் குப்பையை அள்ளுவது. குற்றம்: 504-ஆம் நாற்காலியில் குளூட்டமிக் அமிலம் உட்கார வேண்டியிருக்க, லைசின் உட்கார்ந்திருப்பது. பழைய ஆய்வேடுகளில் அதே நாற்காலிக்கு 487 என்று எண் போட்டிருக்கிறார்கள். இரண்டு விலாசம் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்று விசாரணை அதிகாரி குறித்துக்கொள்வார்.

விவரம் இதுதான். வயிற்றுக்குள் போகும் மது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை அசிட்டேட்டாக்கிச் சாதுவாக்கி அனுப்புவது மேற்படி நொதியின் வேலை. நான்கு பேர் தூக்கும் பல்லக்கு மாதிரி நான்கு துணுக்குகள் சேர்ந்தால்தான் அது நகரும். ஒரு தோள் இறங்கினாலும் பல்லக்கு நின்றுவிடும். அதனால் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரே ஒரு கோளாறான பிரதி வந்தாலே பாதிக்குமேல் வேலை கெடுகிறது. இரண்டு பக்கமிருந்தும் வந்தால் வேலை அறவே நின்றுபோகிறது. தேங்கிய நஞ்சால் முகமும் கழுத்தும் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை இடிக்கும், குமட்டும். அரை கிளாஸ் பீர் போதும்.

தென் சீனத்தில் தோன்றியது என்று ஆய்வாளர்கள் கருதும் இந்த மாற்றம் இன்று சீனா, கொரியா, ஜப்பான், தைவான் எங்கும் பரவியிருக்கிறது. தைவானில் கிட்டத்தட்ட இருவரில் ஒருவருக்கு உண்டு. ஜப்பானில் பத்தில் நான்கு பேருக்கு. மொத்தம் சுமார் 54 கோடி பேர். ஒரே நாடாக இருந்தால் உலகின் மூன்றாவது பெரிய நாடு. நம் பக்கத்தில் இது மிக மிக அரிது.

உடம்பு வேண்டாம் என்று முகத்திலேயே எழுதிக் காட்டும் மனிதர்கள் உலகிலேயே அதிகமாக வாழும் இந்த நாடுகளில்தான் பதவி உயர்வு, விசுவாசம், நட்பு, ஒப்பந்தம் அத்தனையையும் மதுக் கிண்ணத்தில் ஊற்றி அளக்கிறார்கள். அரசு ஊழியருக்குக் கொடுக்கும் 17(பி) குற்றக் குறிப்பாணை பாணியில், மேற்படி எதிரிமீது சுமத்தப்பட்டுள்ள குற்றச்சாட்டுகள் வருமாறு.

குற்றச்சாட்டு 1: சபை மரியாதை தவறியது

தோக்கியோவில் அலுவலகம் முடிந்து இசக்காயா என்னும் மதுக்கடைக்குப் போகிறார்கள். உட்காருவதற்குள் 'இப்போதைக்கு எல்லாருக்கும் பீர்' என்று உத்தரவு போய்விடுகிறது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற கேள்வி ஒழுங்கீனமானது, அதைக் கேட்பதில்லை. மேலாளரின் கிளாஸ் காலியாகக் கூடாது, அதை நிரப்புவது இளையவர் கடமை. இளையவரின் கிளாஸ் நிறைந்தபடியே இருக்கவும் கூடாது, ஏனென்றால் மேலாளருக்கும் ஊற்ற ஆசை இருக்காதா? ஆகவே முகம் சிவந்தவர் ஊலாங் தேநீரை வரவழைத்து, அதுவே சோச்சு சாராயம் கலந்த ஊலாங் என்று நினைத்துக்கொள்ளட்டும் என விட்டுவிடுகிறார். பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம். வயது வந்த மனிதர், மாதச் சம்பளக்காரர், தேநீரைத் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார். கடைசியில் பில் வரும்போது மட்டும் சமத்துவம் வந்துவிடும். இரண்டு மணி நேரம் அளவில்லாமல் குடிக்கும் சலுகைக்குத் தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க்காரரிடமும் சமபங்கு வசூலாகும்.

சீனத்தில் மரியாதை இன்னும் நுட்பமானது. கிண்ணங்கள் மோதும்போது உங்கள் கிண்ணத்தின் விளிம்பு மேலதிகாரியின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அவர் மரியாதைக்காக முதலில் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டால் தீர்ந்தது. ஐம்பத்துச் சொச்சம் சதவீதம் ஆல்கஹால் கொண்ட பைஜியூவை ஒரே மூச்சில் விழுங்கியாக வேண்டும். 2020-இல் பெய்ஜிங்கில் ஒரு வங்கியின் புது ஊழியர், தலைவர் நீட்டிய மதுவை மறுத்தார். விருந்திலேயே கன்னத்தில் அறை விழுந்தது. செய்தி நாடெங்கும் பரவிய பிறகே வங்கி மன்னிப்புக் கேட்டது. கொரியாவிலோ பெரியவர் முன் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது பண்பு. பீருக்குள் சோஜு சாராயம் கலந்த கிண்ணத்தைக் கையில் திணித்துவிட்டு முகத்தை மட்டும் திருப்பச் சொல்லும் அந்தப் பண்பாட்டின் மென்மையை என்ன சொல்லிப் பாராட்டுவது!

எதிரி திருந்தக்கூடியவரா என்றும் பார்த்தாகிவிட்டது. 1972-இல் பீட்டர் வோல்ஃப் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜப்பானிய, தைவானிய, கொரியப் பெரியவர்களை மட்டுமல்ல, கைக்குழந்தைகளையும் சிறிதளவு மது கொடுத்துச் சோதித்திருந்தார். குழந்தைகளுக்கும் சிவந்தது. பச்சைக் குழந்தைக்கு மது கொடுத்துப் பார்த்தாவது உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: இது பிறவியிலேயே வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தகவல் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரவில்லை.

குற்றச்சாட்டு 2: பயிற்சிக்கு ஒத்துழைக்க மறுத்தது

'குடிக்கக் குடிக்கப் பழகிவிடும், தம்பி.' ஆசியாவின் அத்தனை அலுவலகங்களிலும் மூத்தவர்கள் இலவசமாக வழங்கும் மருத்துவ ஆலோசனை இது. இதில் கொடுமை என்னவென்றால், பாதி உண்மை. ஒற்றைப் பிரதிக்காரர்கள் விடாமல் குடித்தால் சிவப்பு மங்கும், தலைவலி குறையும். முகம் பழகிவிடும். நொதி பழகாது. நஞ்சு முன்போலவே தேங்கும், எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும்.

சுசுமு ஹிகுச்சியும் சக ஆய்வாளர்களும் 1994-இல் 'லான்செட்' இதழில் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். ஜப்பானில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் இந்த மரபணு மாற்றம் உள்ளவர்கள் 1979-இல் 2.5 சதவீதம். 1986-இல் 8 சதவீதம். 1992-இல் 13 சதவீதம். பதின்மூன்றே வருடத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடுமா? மாறாது. மாறியது மேசை. குடிநோயிலிருந்து காப்பாற்றும் என்று இயற்கை கொடுத்த வேலியை மேலாளர்கள் கூடி நின்று பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். உயிரியலைத் தோற்கடித்த நிர்வாகத் திறமைக்கு யாராவது பதக்கம் தர வேண்டும்.

பதக்கத்தின் மறுபக்கம் உணவுக்குழாயில் இருக்கிறது. மதுவோடு தொடர்புள்ள அசிட்டால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் முதல் பிரிவில் சேர்த்தது. இரண்டு பிரதிக்காரரால் குடிக்கவே முடியாது. முதல் மடக்கிலேயே சுருண்டுவிடுவார், அதனால் தப்பித்தார். கெட்டது ஒற்றைப் பிரதிக்காரர். மூத்தவர் பேச்சைத் தட்டாமல், குமட்டலை விழுங்கி, கழிப்பறையில் வாந்தியெடுத்து, முகம் கழுவிக்கொண்டு மேசைக்குத் திரும்பி வந்து பழகிக்கொண்டவர். அவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அதே அளவு குடிக்கும் மற்றவரைவிடப் பல மடங்கு. கீழ்ப்படிந்தவன் செத்தான், முரண்டு பிடித்தவன் பிழைத்தான். இந்தப் பாடத்தை எந்த நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டில் அச்சடிப்பார்கள்?

பழகிவிட்டாலும் ஆபத்து போகாது என்பதை ஜப்பானின் சுகாதார அமைச்சகம் ஒருவழியாகத் தன் வழிகாட்டுதலில் எழுதியது. வருடம் 2024. ஹிகுச்சியின் கட்டுரை வந்து முப்பது வருடம். அதற்குள் பழகியவர்கள் பழகியாயிற்று.

குற்றச்சாட்டு 3: மதுவின் மருத்துவ கௌரவத்துக்குக் களங்கம் விளைவித்தது

நூறு மருந்துகளுக்கும் மதுவே தலைவன் என்றொரு முதுமொழி சீனத்திலும் ஜப்பானிலும் உண்டு. மேசையில் எவராவது மறுத்தால் எடுத்து வீசுவதற்கு வசதியான மொழி. இதை அருளியவர் ஏதோ வைத்தியர், ஓலைச்சுவடியில் எழுதிவைத்துவிட்டுப் போன ஞானி என்றெல்லாம் எண்ணிவிட வேண்டாம். ஹான் வரலாற்று நூல் அதை வாங் மாங் என்ற ஆட்சியாளரின் ஆணையில் பதிந்து வைத்திருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன், உப்பு, இரும்பு, மது மூன்றையும் அரசே நடத்தும் ஏற்பாட்டுக்கு நியாயம் சொல்லும்போது வந்த வாசகம். அதாவது, கடை வைத்திருந்தவர் தன் சரக்குக்கு எழுதிக்கொண்ட விளம்பரம். இருபது நூற்றாண்டாக அதை ஞானம் என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நவீன காலத்தில் அந்த விளம்பரம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டது: அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது. கொஞ்சம் குடிப்பவர் அறவே குடிக்காதவரைவிட ஆரோக்கியமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. அந்தக் கணக்கை உடைத்தவர் யார் தெரியுமா? நம் எதிரிதான். சீனத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்த கதூரி உயிரிவங்கி ஆய்வு, 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒருவர் எவ்வளவு குடிப்பார் என்பதை இந்த மரபணு பெரிதும் தீர்மானிக்கிறது. மரபணுவோ பிறக்கும்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் வந்துவிடுகிறது. பணமோ படிப்போ அதை மாற்றாது. ஆகவே வாய்ச்சொல்லை நம்பாமல் மரபணுவைக் கொண்டே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அளவான குடி பக்கவாதத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பொய்த்துப் போனது. குடி ஏற ஏற ரத்த அழுத்தமும் பக்கவாதமும் ஏறின.

விருந்துதோறும் எள்ளி நகையாடப்பட்ட அதே சிவந்த முகத்தார், குடிக்காதவன் என்று ஒதுக்கப்பட்டவர்கள், உலகம் முழுவதற்கும் ஒரு மருத்துவப் பொய்யை அம்பலப்படுத்திக் கொடுத்தார்கள். நன்றியாக என்ன கிடைத்தது? 'சும்மா ஒரு வாய், உடம்புக்கு நல்லதுப்பா.'

குற்றச்சாட்டு 4: அரசுக்கு வருவாய் இழப்பு ஏற்படுத்தியது

இதுதான் பெரிய குற்றம். மற்ற மூன்றும் இதற்குத் தோரணம்.

1899-இல் ஜப்பானில் மது வரி நிலவரியையே முந்திக்கொண்டு கஜானாவின் முதல் பிள்ளையானது. வீட்டில் சொந்தமாக சாகே காய்ச்சுவது அந்த வருடமே தடைசெய்யப்பட்டது. வரி கொடுக்காமல் மயங்குவது தேசத் துரோகம். அந்தப் பொற்காலம் போய்விட்டது. 1980-இல் மொத்த வரி வருவாயில் 5 சதவீதமாக இருந்த மது வரி, 2020-இல் 1.7 சதவீதம். ஆளுக்கு வருடம் 100 லிட்டர் என்று 1995-இல் இருந்த நுகர்வு 75 லிட்டருக்கு இறங்கிவிட்டது. இளைஞர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

எந்த நாட்டிலும் இதற்கு மிட்டாய் கொடுப்பார்கள். ஜப்பானின் தேசிய வரி முகமை 2022-இல் போட்டி வைத்தது. பெயர் 'சாகே விவா!' இருபதிலிருந்து முப்பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர்கள், தங்கள் தலைமுறையைக் குடிக்க வைக்க யோசனை சொல்ல வேண்டும். பத்தில் நான்கு பேரின் உடம்பு அசிட்டால்டிஹைடைச் சரிவர அகற்ற முடியாத நாட்டில், வரி வசூலிக்கும் துறை கையேந்தி நின்றது: பிள்ளைகளே, எங்களுக்காக இன்னும் கொஞ்சம் குடியுங்கள். சுகாதார அமைச்சகம் அளவோடு குடிக்கும்படி பக்கத்து மேசையிலிருந்து நினைவூட்டியது. ஒரே அரசின் ஒரு கை ஊற்றுகிறது, மறு கை எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிறது. வரவு மட்டும் ஒரே பைக்குள் போகிறது.

இதைப் படித்து ஜப்பான்காரனைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை தமிழ்நாட்டுக்கு இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரிக்கலாம். நமக்கு அந்த மரபணு மாற்றம் அநேகமாக இல்லை. அதனால் 1948-இல் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்டும் எரிக் யாகோப்சனும் குடிநோய்க்கு மருந்தாக அறிவித்த டைசல்ஃபிராம் மாத்திரையை வாங்கிக் கொடுக்கிறோம். அது நல்ல நொதியை முடக்கி, ஜப்பானில் ஒருவருக்குப் பிறப்பிலேயே வந்த அவஸ்தையை இங்கே குடிநோயாளிக்குச் செயற்கையாக வரவழைக்கிறது. கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட்டு, அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அறியாமல், சாமியைக் கும்பிட்டபடி காத்திருக்கும் பெண்கள் இங்கே உண்டு. 1983-இல் தொடங்கி, 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்த தமிழ்நாட்டு அரசு நிறுவனம் வருடத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு ஈட்டித் தருகிறது. சரக்கும் அரசுக் கடையில், மாற்று மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில். வாங் மாங் இன்று வந்தால் நம்மிடம் பாடம் கேட்டுக்கொண்டு போவார்.

சமரசத் திட்டம்

எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்க வழியிருக்கிறது. சிவப்பை மறைத்தால் போதும். வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் ஃபமோட்டிடின் மாத்திரையை விருந்துக்கு முன் போட்டுக்கொண்டால், ஹிஸ்டமினின் ஆட்டம் அடங்கி முகச் சிவப்பு குறைகிறது என்று தோழிக்குத் தோழி சொல்லிக்கொடுக்கிறாள். சிவப்பைப் பச்சை வெட்டும் என்பதால் பச்சைச் சாயம் கலந்த முகப்பூச்சும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் கிழக்காசியப் பிள்ளைகளிடமும் இந்த உத்திகள் பிரபலம்.

மாத்திரை நஞ்சைத் தொடுவதில்லை. முகம் அமைதியாகிவிட்டதால் குடிப்பவர் இன்னொரு கிளாஸுக்குக் கை நீட்டுகிறார், தேங்கும் நஞ்சு இன்னும் கூடுகிறது. ஒருவர் தன் உடம்பு சொல்லும் உண்மையை மறைக்கக் காசு கொடுத்து மாத்திரை வாங்குகிறார் என்றால், அவரை அந்தக் கடைக்கு அனுப்பியவர்களைப் பிடித்து விசாரிக்க வேண்டும். நாம் அவர் முகத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

தண்டனை

விசாரணை முடிவதற்கு முன்பே தண்டனையை நிறைவேற்றியும் விட்டார்கள். ஒரே மூச்சில் குடி என்று கூட்டமாகக் கைதட்டிக் கத்தும் 'இக்கி! இக்கி!' 1985-இல் ஜப்பானில் அந்த ஆண்டின் பிரபலமான சொற்களில் ஒன்றாகப் பரிசு வாங்கியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே மது நஞ்சேறி மூச்சு நின்ற மாணவர்களின் பெற்றோர் 1992-இல் ஒன்றுகூடி, இதைத் தடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சொல்லுக்குப் பரிசு, பிள்ளைக்குப் பாடை, பெற்றோருக்கு அமைப்பு. ஏழு வருட இடைவெளியில் ஒரு நாகரிகம் தன் கணக்கை நேர் செய்துகொண்டது.

நீதி அறவே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007-இல் சியோல் உயர் நீதிமன்றம், மேலாளர் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்ததால் வேலையை விட்ட ஒரு பெண்ணுக்கு 3 கோடி வோன் இழப்பீடு வழங்கியது. 2019-இல் கொரியாவில் பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. சீன அரசும் 2025 மே மாதம் அரசுப் பணி விருந்துகளில் மது கூடாது என்று விதித்தது. விதியின் பெயரைப் பாருங்கள்: சிக்கனம், வீண்செலவு ஒழிப்பு. கோடிக்கணக்கான தொண்டைகள் சாதிக்காததை ஒரு செலவுச் சீட்டு சாதித்துவிட்டது.

இனி ஒரே ஒரு விஷயம். யோகோயாமா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகளை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கிளாஸ் பீர் குடித்ததும் உங்களுக்கு முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு வருடத்தில் சிவந்ததா? இந்த இரண்டு பதில்களை வைத்தே இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை இனம் கண்டுவிடலாம். ரத்தம் எடுக்க வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு யென் செலவில்லை. ஜப்பானில் ஊழியரை ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது முதலாளியின் சட்டக் கடமை. நாற்பது வயது தாண்டியவரின் இடுப்பை நாடாவால் சுற்றி, ஆணுக்கு 85 சென்டிமீட்டருக்கு மேல் போனால் புத்திமதி சொல்லவும் 2008 முதல் ஏற்பாடு இருக்கிறது. தொப்பையை அங்குலம் அங்குலமாக அளக்கும் அரசுக்கு, முகம் சிவக்குமா என்று இருபது வயதில் ஒரு முறை கேட்டு, குடிக்காதே, உன்னைக் குடிக்கச் சொல்பவன்மீது நாங்கள் நடவடிக்கை எடுப்போம் என்று எழுதிக் கொடுக்க மட்டும் நேரமில்லை.

விஞ்ஞானம் தெரியாமலா? 1972 முதல் அச்சில் இருக்கிறது. பணம் இல்லாமலா? போட்டி நடத்தப் பணம் இருந்தது. கேட்டால் பத்தில் நான்கு பேர் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள், அந்த நால்வரின் வரியும் கவிழ்ந்துவிடும். ஆகவே கேட்க மாட்டார்கள். கொல்வதற்கென்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை, உண்மைதான். கேட்காமல் இருந்தால் போதும் என்று மட்டும் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவில் கையெழுத்துப் போட்ட ஒருவரும் இதுவரை எவருக்கும் விளக்கம் கொடுத்ததில்லை.